“உனக்கு எது செய்ய வரணும்?” என்று பிள்ளையிடமே கேட்கும் ஓ.டி. பயிற்சி, பெருமூளை வாதத்துக்குப் பொருந்துமா?

கேள்வி: வைகைக்கரை அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயதாகிறது. பிறப்பை ஒட்டிய நாட்களில் மூளையின் இடப்பக்கத்து ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டதால், வலக்கையும் வலக்காலும் இறுக்கமாக இருக்கும் பெருமூளை வாதம் அவளுக்கு இருக்கிறது. நடக்கிறாள், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி ஏறுகிறாள், நான்காம் வகுப்பு படிக்கிறாள். பேச்சிலோ படிப்பிலோ குறை இருப்பதாக ஆசிரியர்கள் சொன்னதில்லை. வலக்கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வாள். ஆனால் விரல்களை விரித்து அதை விடுவதற்கு நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தினால் கை இன்னும் இறுகிவிடும்.

ஒன்றரை வயதிலிருந்து பிசியோதெரபிக்கும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் (ஓ.டி.) அழைத்துச் செல்கிறோம். கையை நீவி நீட்டிவிடுவது, மணி கோப்பது, பலகைத் துளைகளில் குச்சி செருகுவது, களிமண் பிசைவது என்று ஏழு ஆண்டுகளுக்கு மேல் செய்திருக்கிறோம். குச்சி செருகுவதில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. ஆனாலும் காலையில் அவள் சீருடைப் பொத்தானை இன்றுவரை நான்தான் போட்டுவிடுகிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் புதிதாக ஒரு சிகிச்சையாளரிடம் சேர்த்தோம். அவர் முதல் நாள் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மகளின் எதிரில் உட்கார்ந்து, “உனக்கு எதெல்லாம் தானா செய்ய வரணும்னு ஆசை?” என்று கேட்டார். அவள் மூன்றைச் சொன்னாள்: மதியம் டிபன் பாக்ஸைத் தானே திறக்க வேண்டும், சட்டைப் பொத்தான் போட வேண்டும், ஸ்கேல் நகராமல் நோட்டில் கோடு போட வேண்டும். ஒவ்வொன்றும் இப்போது எவ்வளவு வருகிறது, அதில் தனக்கு எவ்வளவு திருப்தி என்று ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண்ணும் அவளையே போடச் சொன்னார். அன்று முதல் நீவுவதும் இல்லை, குச்சிப் பலகையும் இல்லை. டிபன் பாக்ஸை முன்னால் வைத்து, “என்ன ஆச்சு? ஏன் நழுவிச்சு? வேற எப்படிச் செய்யலாம்?” என்று கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார். இது அறிவுசார்ந்த அணுகுமுறை, பிள்ளை தானே யோசித்து வழி கண்டுபிடிக்கப் பழக்குவது என்கிறார்.

என் கணவருக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. எனக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது. பாதிப்பே மூளையில் இருக்கும்போது யோசிப்பதால் கை எப்படி வேலை செய்யும்? நீவிவிடுவதை நிறுத்தினால் கை மடங்கிப் போய்விடாதா? ஐந்து வயதுக்கு மேல் பெரிய முன்னேற்றம் வராது என்று ஒரு மருத்துவமனையில் சொல்லியிருந்தார்களே, அது உண்மையானால் இந்த முயற்சிக்கு என்ன பொருள்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓ.டி. பயிற்சியறை

சகோதரிக்கு வணக்கம். நான் பதினான்கு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபியில் இருக்கிறேன். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் உங்கள் சிகிச்சையாளர் பின்பற்றுவது ‘கோ-ஆப்’ என்று எங்கள் துறையில் சுருக்கமாக அழைக்கப்படும் முறையாகவே இருக்க வேண்டும். கனடாவில் ஹெலன் பொலாட்டாய்க்கோ, ஏஞ்சலா மாண்டிச் ஆகியோர் 1990களில் இதை உருவாக்கினார்கள். முதலில் இது பெருமூளை வாதத்துக்காக உருவானதன்று. வெளிப்படையான நரம்புப் பாதிப்பு இல்லாமலே சைக்கிள் ஓட்டவும் எழுதவும் பொத்தான் போடவும் திணறும் பிள்ளைகளுக்காக வந்தது. அதன் அடிப்படை, உளவியலாளர் டொனால்ட் மைக்கன்பாம் முன்வைத்த, தனக்குத் தானே சொல்லிக்கொண்டு செயலை நடத்தும் முறை. இலக்கு என்ன, அதற்கு என் திட்டம் என்ன, செய்து பார், திட்டம் பலித்ததா என்று சரிபார் என்னும் நான்கு படிகளைப் பிள்ளை மனத்தில் பதித்துக்கொண்டு, எந்தப் புதிய வேலைக்கும் அவற்றையே பயன்படுத்தப் பழகுகிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். அவை சிறிய ஆய்வுகள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அவை காட்டும் திசை நம்பிக்கை தருவதாக இருக்கிறது.

உங்கள் முதல் கேள்விதான் மிக முக்கியமானது. யோசிப்பதால் பாதிக்கப்பட்ட நரம்புப் பாதை சரியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை; அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒரு பொத்தானைப் போட முடியாமல் போவதற்குக் கையின் இறுக்கம் ஒன்று மட்டுமே காரணமாக இருப்பதில்லை. எந்தக் கை துணியைப் பிடிக்க வேண்டும், எந்தக் கை பொத்தானைத் தள்ள வேண்டும், மேலிருந்து தொடங்குவதா கீழிருந்தா, கண் எங்கே இருக்க வேண்டும், எந்த நொடியில் செயல் உடைகிறது என்பவையெல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அந்த முடிவுகளை எடுக்கும் வாய்ப்பே பெரும்பாலும் கிடைப்பதில்லை, ஏனென்றால் நாம்தான் அவர்கள் கையைப் பிடித்து நடத்திவிடுகிறோம். நம் கை அவர்கள் கைமேல் இருக்கும்வரை இயக்கத்தைத் திட்டமிடுவது நம் மூளைதான். அந்தப் பிள்ளை செய்வது ஒத்துழைப்பு மட்டுமே.

ஒரு டப்பா திறக்கும் வேளையை நினைத்துப் பாருங்கள். பிள்ளை மூடியை இழுக்கிறது, டப்பாவே மேசையில் சறுக்கிப் போகிறது. “நான் பிடிச்சுக்கிறேன், நீ திற” என்று சொல்வது எளிது. கோ-ஆப் முறையில் சிகிச்சையாளர் அதைச் செய்யாமல், “எது நகர்ந்தது?” என்று கேட்பார். “டப்பா.” “நகராம இருக்க என்ன செய்யலாம்?” இந்தக் கேள்விக்குப் பிறகு அரை நிமிடம் வாய்மூடி இருப்பதற்குத்தான் எங்களுக்கே பயிற்சி தேவைப்படுகிறது. சொல்லாதே, கேள், கைவைத்துத் திருத்தாதே, பழக்கு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடு, பிள்ளை தன் கண்ணாலேயே காரணத்தைக் காணும்படி செய் என்பவை இந்த முறையில் சிகிச்சையாளருக்கு உரிய விதிகள். தானே கண்டுபிடித்த வழியைப் பிள்ளை மறப்பதில்லை. அதைவிட, அதே வழியைத் தண்ணீர் பாட்டிலுக்கும் ஜாமெட்ரி பாக்ஸுக்கும் தானாகவே கொண்டுபோகிறது. ஏழு ஆண்டு குச்சி செருகியும் பொத்தான் வராததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. குச்சி செருகும் பயிற்சி, குச்சி செருகுவதைத்தான் கற்றுத்தந்தது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் உடல் செயல்திறனுக்காக 2022இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலும் இதையே வலியுறுத்துகிறது: இலக்கைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், முழுச் செயலையும் அப்படியே பழகட்டும், அதை வீடு, பள்ளி போன்ற உண்மையான இடத்தில் பழகட்டும்.

அந்தப் பத்து மதிப்பெண் விளையாட்டுக்குரியதன்று. 1991இல் கனடாவில் வெளியான ஓர் அளவுமுறை அது. பயிற்சி முடிந்தபின் மகள் மறுபடி மதிப்பெண் போடுவாள். இரண்டு எண்ணாவது உயர்ந்தால்தான் நாங்கள் அதை உண்மையான மாற்றமாகக் கொள்கிறோம்.

நீவிவிடுவதைப் பற்றி: சில நிமிடங்கள் கையால் இழுத்துவிடுவதால் தசை நீண்டகாலம் நீளமாக இருக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. அதற்காகத் தசையின் நிலையைக் கவனிக்காமல் விட்டுவிடலாம் என்பதில்லை. கோ-ஆப் என்பது இறுக்கத்துக்கான வைத்தியம் அன்று. மணிக்கட்டும் முழங்கையும் எவ்வளவு விரிகின்றன என்று குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து குறித்து வைக்கச் சொல்லுங்கள். அளவு குறைந்து வந்தால், இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி, மாவுக்கட்டு ஆகியவை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கும். இரண்டும் தனித்தனி வேலைகள், ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

ஐந்து வயதுக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 657 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், உட்காருதல், நிற்றல், நடத்தல் போன்ற பெரிய இயக்கங்களின் வளர்ச்சி ஐந்து வயதை ஒட்டிப் பெரும்பாலும் நிறைவடைந்துவிடுவதாகக் கண்டார்கள். அது நடையைப் பற்றிய செய்தி. பொத்தான் போடுவதும் கோடு கிழிப்பதும் கற்றுக்கொள்ளும் திறன்கள்; அவற்றுக்கு அந்த வயதுக் கணக்கைப் பொருத்துவது தவறு. சொல்லப்போனால் இந்த முறைக்கு ஒன்பது வயது மிகப் பொருத்தமான வயது, ஏனென்றால் தான் செய்ததைத் தானே திரும்பிப் பார்க்கும் திறன் அப்போதுதான் நன்றாக வந்திருக்கும்.

பதில்: குடந்தைக்காரன்

அக்கா, எனக்கு முப்பத்தொரு வயது. உங்கள் மகளைப் போலவே எனக்கும் வலப்பக்கம்தான். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன், தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சிகிச்சையாளர் எழுதியதில் ஒன்றை என் வாழ்க்கையிலிருந்து உறுதிப்படுத்த விரும்புகிறேன். மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரை என்னை வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார்கள். அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருவர்கூட என்னிடம் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. என் கையைப் பற்றி என் தலைக்கு மேலே அம்மாவிடம் பேசுவார்கள். கை என்னுடையது என்ற எண்ணமே எனக்கு வெகுகாலம் இல்லாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

நான் முதன்முதலாகத் தானே யோசித்துக் கண்டுபிடித்தது, டவுன் பஸ்ஸில் ஏறுவது. எல்லாரும் இரு கையாலும் கம்பியைப் பிடித்து வலக்காலை முதலில் வைத்து ஏறுவதைப் பார்த்து நானும் அப்படியே முயன்று இரண்டு முறை விழுந்தேன். பிறகு ஒரு மாலை முழுவதும் நிறுத்தத்தில் நின்று மற்றவர்கள் ஏறுவதைக் கவனித்தேன். விழுந்த இரண்டு முறையும் என் வலக்கால்தான் முதலில் படியில் இருந்தது, உடம்பின் முழு எடையும் அதன்மேல் வந்த நொடியில்தான் விழுந்தேன் என்பது அன்று புரிந்தது. அடுத்த நாள் பையை முன்னால் மாட்டிக்கொண்டு, இடக்கையால் இடப்பக்கக் கம்பியைப் பிடித்து, இடக்காலை முதலில் வைத்து ஏறினேன். இப்போது படித்துப் பார்த்தால் இலக்கு, திட்டம், செயல், சரிபார்ப்பு என்ற நான்கும் அதில் இருக்கின்றன. எனக்குப் பதினைந்து வயதில் தற்செயலாகக் கிடைத்ததை உங்கள் மகளுக்கு ஒன்பது வயதில் ஒருவர் முறையாகக் கற்றுத்தருகிறார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்வது மிகுந்த களைப்பைத் தரும். மற்றவர்களுக்குத் தானாக நடக்கும் வேலைக்கு எங்களுக்குக் கவனம் முழுவதும் தேவைப்படுகிறது. அதனால் மாலையில் அவள் சோர்ந்து, காலையில் செய்த வேலையையே செய்ய முடியாமல் திணறினால் அதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். பள்ளி வேன் வாசலில் வந்து நிற்கும்போது பொத்தான் பழக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, அவசரம் இல்லாத நேரத்தில் பழகட்டும். மற்ற நாட்களில் கடைசி ஒரு பொத்தானை மட்டும் அவள் போட்டால் போதும்.

பதில்: சிறப்பாசிரியை, சென்னை

இந்த விவாதத்தைப் படிக்கும் மற்றப் பெற்றோர்களுக்காகவும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெருமூளை வாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ இருவரில் ஒருவருக்கு அறிவுத்திறன் குறைபாடும், நால்வரில் ஒருவருக்குப் பேச முடியாத நிலையும் இருக்கின்றன. ஆகவே “யோசித்துத் திட்டம் சொல்” என்று கேட்கும் ஒரு முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்திவிடாது. அதே சமயம், பேசாத பிள்ளைக்குச் சிந்தனையும் இல்லை என்று முடிவு கட்டுவதைப் போன்ற அநீதி வேறு இல்லை. எங்கள் வகுப்பில் உடல் முழுவதும் கட்டுப்பாடின்றித் தானாக அசையும் வகைப் பெருமூளை வாதம் உள்ள பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் இருக்கிறான். நாற்காலியில் கட்டி உட்கார வைக்க வேண்டும், பேச்சு இல்லை, பார்வையால் படங்களைச் சுட்டிப் பேசுவான். அவனிடம் உன் இலக்கு என்ன என்று கேட்க ஒரு வாரமாகப் படப்பலகையைத் தயாரித்தோம். நாங்கள் எதிர்பார்த்த எதையும் அவன் காட்டவில்லை. சட்டையைக் காட்டினான், பிறகு ‘வலி’ என்ற படத்தைக் காட்டினான். அவனுக்குச் சட்டை போட்டுவிடும்போது கையை முறுக்குகிறார்கள் என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவனால் தானாகச் சட்டை போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் போட்டுவிடுகிறவரை அவன் நடத்த முடியும். அதிகம் இறுகியிருக்கும் கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கை கடைசியாக வர வேண்டும் என்ற வரிசையை நான்கு படங்களாக அமைத்தோம். எந்தப் படத்துக்குப் பிறகு எது என்பதை அவனே முயன்று, தவறு வந்த இடத்தைப் பார்த்து மாற்றி, ஒழுங்குபடுத்தினான். இப்போது யார் உதவிக்கு வந்தாலும் முதலில் அந்தப் பலகையை அவர் முன் வைக்கச் சொல்கிறான். செயலின் தசை வேறொருவருடையது, திட்டம் அவனுடையது. மிகக் கடுமையான உடல் நிலையில் இருப்பவர்களுக்கும் அறிவுசார்ந்த அணுகுமுறை பொருள் தரும் என்று நான் நம்புவதற்கு இந்த மாணவன்தான் காரணம். சென்னையில் 1985இல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியாகத் தொடங்கிப் பின்னர் வித்யாசாகர் என்று பெயர் மாறிய நிறுவனம், பேச்சுக்கு மாற்றான பலகைகளையும் கருவிகளையும் தமிழ்நாட்டில் பரவச் செய்ததில் பெரும் பங்கு வகித்தது. பேச்சில்லாத பிள்ளையின் பெற்றோர் முதலில் அந்த வழியைத் திறந்துவிட்டால்தான் இலக்கு, திட்டம் என்ற உரையாடலே தொடங்க முடியும்.

இன்னொன்று, இரண்டு வேறு விஷயங்களைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நினைவு, கவனம், பார்த்துப் புரிந்துகொள்ளுதல் ஆகியவற்றை வளர்ப்பதற்கென்று புதிர் அட்டையும் கணினி விளையாட்டும் கொடுப்பது ஒரு வகை. இங்கே பேசப்படுவது அதுவன்று. அன்றாட வேலையைச் செய்வதற்குச் சிந்தனையைக் கருவியாகப் பயன்படுத்துவது. ஆனால் முன்னதில் குறை இருந்தால் பின்னதும் தடுமாறும். குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்து இரு கால்களும் இறுக்கமாக உள்ள பிள்ளைகள் பலருக்கு, கண் நன்றாகத் தெரிந்தாலும் பார்த்ததைப் பிரித்தறிவது கடினமாக இருக்கும். வெள்ளைச் சட்டையில் வெள்ளைப் பொத்தான் துளை அவர்களுக்குத் தென்படுவதே இல்லை. அத்தகைய பிள்ளையிடம் “ஏன் வரலை, யோசி” என்று கேட்டுக்கொண்டிருப்பது கொடுமையாகிவிடும். துளையைச் சுற்றி நீல நூலால் தைத்துக் கொடுத்தால் அன்றே பொத்தான் விழும்.

வைகைக்கரை அம்மா (மூன்று வாரங்களுக்குப் பின்)

மூவருக்கும் என் நன்றி. உங்கள் பதில்களை என் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அடுத்த வகுப்புக்கு அவரும் வந்து பார்த்தார்.

டிபன் பாக்ஸ் திறந்துவிட்டது. பல வழிகளை முயன்றாள். மடியில் வைத்து முழங்கால்களுக்கிடையே இடுக்கிப் பார்த்தாள். வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அது சரிவராது என்று அவளே கழித்துவிட்டாள். கடைசியில் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து டப்பாவுக்கு அடியில் போட்டு, வல முன்கையை டப்பாவின் மேல் அழுத்தி, இடக்கைக் கட்டைவிரலால் இரு பக்கத்துக் கிளிப்புகளையும் நெம்புகிறாள். வலக்கைக்கு ‘பேப்பர் வெயிட்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். ஸ்கேல் பிடிப்பதற்கும் யாரும் சொல்லாமல் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு முன்கையை ஸ்கேல் மேல் வைத்ததைப் பார்த்தபோது, இந்தக் கைக்குத் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. டப்பாவுக்குத் தொடக்கத்தில் இரண்டு மதிப்பெண் போட்டிருந்தாள், இப்போது எட்டு போட்டிருக்கிறாள். பொத்தானுக்கு இன்னும் நான்குதான்.

இப்போது நான்காவதாக ஓர் இலக்கைச் சொல்கிறாள், அதில்தான் எனக்குச் சங்கடம். “எல்லார் முன்னாடியும் இடது கையால சாப்பிடணும்” என்கிறாள். வீட்டில் என் மாமியார் சோற்றுக்கையால்தான் சாப்பிட வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறார். அதனால் இத்தனை ஆண்டுகளாக நானே ஊட்டிவிடுகிறேன், அல்லது வலக்கையில் ஸ்பூனைக் கட்டிவிடுகிறோம். விசேஷ வீடுகளில் அவள் சாப்பிடாமலே வந்துவிடுவாள். இடக்கைக்குப் பழக்கிவிட்டால் வலக்கை அடியோடு பயனற்றுப் போய்விடாதா என்ற பயமும் இருக்கிறது.

பதில்: ஓ.டி. பயிற்சியறை

பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். வலக்கையின் பயன்பாட்டை வளர்ப்பதற்குச் சான்றுள்ள வழிகள் உண்டு. நல்ல கையைக் குறிப்பிட்ட நேரம் உறையிட்டு வைத்து மற்றக் கையை விளையாட்டில் தீவிரமாகப் பழக்குவது ஒன்று. இரண்டு கைகளும் தேவைப்படும் வேலைகளைத் தீவிரமாகப் பழக்குவது மற்றொன்று. இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் பலன் தருகின்றன. கையின் பொதுவான திறன் மேம்பட முப்பது நாற்பது மணிநேரத்துக்கு மேல் பயிற்சி தேவைப்படுகிறது. தான் தேர்ந்தெடுத்த ஒரு குறிப்பிட்ட வேலை கைவர, வீட்டுப் பயிற்சியையும் சேர்த்துப் பதினான்கு முதல் இருபத்தைந்து மணிநேரம் தேவைப்படுகிறது. இவற்றை விடுமுறையில் திட்டமிடலாம். ஆனால் பசியோடு இருக்கும் பிள்ளையின் சாப்பாட்டு வேளையை வலக்கைக்கான பயிற்சி வேளையாக ஆக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சோறு பிசைந்து உருட்டி வாயில் இடுவதற்குத் தனித்தனியாக விரல்கள் அசைய வேண்டும். உங்கள் மகளின் கைக்கு மிகக் கடினமானது அந்த அசைவுதான். சாப்பிடும்போது இடக்கை பிசையட்டும், ‘பேப்பர் வெயிட்’ தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளட்டும். அதுவும் இருகைப் பயிற்சிதான்.

பதில்: குடந்தைக்காரன்

அக்கா, உங்கள் மகள் சொன்ன நான்காவது இலக்கைப் படித்ததும் வெகுநேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தேன். கோயிலில் திருநீறு வாங்க இடக்கையை நீட்டினேன் என்று என் ஒன்பது வயதில் ஒருவர் என் கையைத் தட்டிவிட்டார். அன்றிலிருந்து பல ஆண்டுகள் நான் சன்னிதிக்குள் போனதில்லை. பிறகு நானே ஒரு வழி கண்டேன். வலக்கையை இடக்கையால் தூக்கி அடியில் வைத்து, அதன்மேல் இடக்கையைக் குவித்து, இரண்டு கையாகவே நீட்டுவேன். வலக்கை தாங்குகிறது, இடக்கை வாங்குகிறது. இன்றுவரை யாரும் மறுத்ததில்லை. இதை உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். இப்படி ஒருவர் செய்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள், அவள் தனக்கு ஏற்றதைக் கண்டுபிடிப்பாள்.

பாட்டியை எதிர்த்துப் பேச வேண்டாம். ஒரு முறை வகுப்புக்கு அழைத்துப் போய், தன் பேத்தி டப்பா திறப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை அம்மா

தம்பி, உங்கள் பதிலை மகளிடம் படித்துக் காட்டினேன். திருநீறு வாங்குவதை இரண்டு முறை கண்ணாடி முன் செய்து பார்த்துக்கொண்டாள். அத்தையையும் வகுப்புக்கு அழைத்துப் போனேன். அவர் எதுவும் சொல்லவில்லை; மறுநாள் இரவு மகளின் தட்டை அவளுக்கு இடப்பக்கமாக நகர்த்தி வைத்துப் பரிமாறினார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுத் திருமணம். பந்தியில் உட்காரப் போகும்போது மகள் திடீரென்று நின்றுவிட்டாள். என்ன என்று கேட்டேன். நடுவில் உட்கார்ந்தால் தன் இடக்கை முழங்கை, இடப்பக்கம் இருப்பவரின் வலக்கை முழங்கையில் இடிக்கும், சோறு சிந்தும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஆகையால் தனக்கு வரிசையின் இடப்பக்கக் கடைசி இலைதான் வேண்டும் என்றாள். வீட்டிலேயே யோசித்து வைத்திருந்திருக்கிறாள். முதல் பந்தியில் அந்த இலையில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டியும் அவளும் இரண்டாம் பந்திக்குக் காத்திருந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.